இன்னொரு கம்ப்யூட்டரில் நெல்வின்

அத்தியாயம் 11

மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கிய வேகத்தில் பெர்சிஸின் முழங்கை மேசையில் இடித்தது. வலி தெரியவில்லை. வயரைக் கையில் பிடித்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள்.

லேப்டாப் திரையில் அந்தச் சின்னப் பெட்டி அப்படியேதான் இருந்தது.

வயரைப் பிடுங்கினால் பெட்டி மறைந்துவிடும் என்று எதை வைத்து நினைத்தாளோ. இங்கிலீஷில் இரண்டே வரி. ஆறு தடவை படித்துவிட்டாள். நெல்வின் என்கிற பெயரில் வேறொரு கம்ப்யூட்டரில் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுகிறீர்கள். இதுதான் அதன் அர்த்தம்.

நெல்வின் அவள் அண்ணன். போன ஆகஸ்டில் புதைத்தாயிற்று.

மணி இரண்டு பத்து. சனிக்கிழமை. அப்பா கம்பெனியில், அம்மா வேலூரில் ட்யூட்டியில். வெளியே மே மாத வெயில் தெருவையே காலி பண்ணி வைத்திருந்தது. ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. கட்டிலுக்கு மேலே ஃபேன் மட்டும் கடக், கடக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

சட்டென்று போன் அடித்தது.

பெர்சிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து தடவை அடித்த பிறகுதான் போய் எடுத்தாள். எடுத்தாளே தவிர, பேசவில்லை.

"அலோ? பாப்பா? இன்னா, எடுத்துட்டு கம்முனு நிக்கிற?"

அப்பாவின் குரல். பின்னால் மெஷின் சத்தம்.

"ஒண்ணும் இல்லப்பா. பாத்ரூம்ல இருந்தேன்."

"லேப்டாப்பை ஒரு பையில போட்டு ரெடியா வை. ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் கடை சம்பத்தை வண்டியிலயே கூட்டிட்டு வந்துடறேன். ஃபார்மேட் அடிச்சி நாளைக்கு சாயங்காலம் குடுத்துடறேன்னு சொல்றான்."

"நானே சரி பண்ணிடறேன்னு சொன்னேன்லப்பா?"

"பண்ணிட்டியா?"

"அதுல அண்ணனோட..." என்று ஆரம்பித்தாள்.

"பெர்சி." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அதுல ஒண்ணும் இல்ல. புரிஞ்சுதா? ஒண்ணும் இல்ல. வச்சிடு."

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற லைன் வீட்டில் தேவானந்தம் குடும்பம் இருக்கிறது. அவர் ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் மேஸ்திரி. மனைவி லில்லி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மகன் நெல்வின் அப்பாவின் கம்பெனியிலேயே ஆபீஸ் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறேன் என்றான். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்து நிற்கும்போது அந்தப் பேச்சு மறுபடி வந்தது. சர்ச் கேட்டில், அத்தனை பேர் முன்னால், தேவானந்தம் அவன் கன்னத்தில் அறைந்தார். நெல்வின் கட்டிய துணியோடு நடந்து போனான்.

ஒன்பதாம் நாள் விண்ணமங்கலம் பக்கம் தண்டவாளத்தில் ஒரு உடல் கிடைத்தது. முகம் என்று ஒன்று இல்லை. தேவானந்தம் தனியாகப் போய் அடையாளம் காட்டிவிட்டு வந்தார். பெட்டியை மூடியபடியேதான் கொண்டுவந்தார்கள். பெற்ற தாயைக்கூடத் திறந்து பார்க்க அவர் விடவில்லை.

அவன் விட்டுப் போனது இந்த லேப்டாப். கம்பெனி ஆபீசில் கழித்துக் கட்டியதை வாங்கி வந்தது. பேட்டரி செத்துப்போய் வெகுநாளாகிறது. பிளக்கில் இருந்தால்தான் உயிர்.

இன்றைக்குக் காலையில் பஞ்சாயத்து தொடங்கியதே அதை வைத்துத்தான்.

"வெள்ளிக்கெழம ரிசல்ட்டு," என்றார் தேவானந்தம், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "இந்த டப்பால ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள நான் ஒரு ஜோடி ஷூ தைச்சி முடிச்சிடுவேன். அன்னிக்கு ஊரே நெட்ல உக்காந்திருக்கும். உன் மார்க்கு தெரியறதுக்குள்ள நர்சிங் காலேஜே மூடிடுவான்."

"நெட் சென்டர் போய் பாத்துக்கறேன்ப்பா."

"ஒண்ணும் வேணாம். சம்பத் கிட்ட குடுத்தா கழுவி விட்ட மாதிரி பண்ணிடுவான்."

லில்லி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். "கழுவி விட்டா, அதுல இருக்கறது?"

"எல்லாம் போயிடும். அதுக்குத்தானே."

லில்லி கணவரைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது பெர்சிஸின் காதருகே வந்து, "சாயங்காலத்துக்குள்ள உன்னால முடிஞ்சா பாருடி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் போனதும் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்தாள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவள். ஒன்றும் தெரியாதவள் இல்லை.

முதலில் பிரவுசரின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த டூல்பார்கள். மூன்று. எதையோ இறக்கும்போது கூடவே தொற்றிக்கொண்டு வந்தவை. ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு பழைய குப்பை ஃபைல்கள். அழிக்கச் சொன்னால் அரை மணி நேரம் அழித்துக்கொண்டே இருந்தது. அணைத்து ஏற்றினாள். ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

அதே ஆமை வேகம்.

அப்போதுதான் மோடத்தைப் பார்த்தாள். பிரவுசரை மூடிவிட்டாள், வீட்டில் வேறு யாரும் எதையும் திறக்கவில்லை. ஆனாலும் மோடத்தின் கடைசி விளக்கு மினுக், மினுக், மினுக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. அல்லது வந்துகொண்டே.

எந்த புரோகிராம் மெஷினைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு ஒரே ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். மெசஞ்சர். நெல்வின் சாட் பண்ணுவதற்கு வைத்திருந்தது. லேப்டாப் ஏறினாலே அதுவும் தானாக ஏறும்படி அவன் செய்து வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று, நெல்வின் பெயரில் உள்ளே போகப் பார்ப்பது, பாஸ்வேர்டு தப்பு என்று திரும்பி வருவது, மறுபடி போவது. ஒரு நிமிஷத்துக்குள் எத்தனையோ தடவை. மாதக்கணக்காக அது இப்படிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததால்தான் மற்ற எல்லாம் படுத்துக்கிடந்தது.

நிறுத்தியிருந்தால் வேலை முடிந்தது. பெர்சிஸ் நிறுத்தவில்லை. ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

பாஸ்வேர்டு எப்படித் தப்பாகும்?

அந்த வீட்டில் பாஸ்வேர்டு என்றால் ரகசியமே கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கொண்டுவருவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதற்கும் அவரவருக்கு அந்த வசனம். வசனத்துக்குக் கீழே அதிகாரமும் வசனமுமாக எண்கள் இருக்கும். அதைச் சேர்த்தால் நாலு எண். அந்த நாலு எண்தான் தேவானந்தத்தின் ஏ.டி.எம். நம்பர், லில்லியின் சூட்கேஸ் பூட்டு, பிள்ளைகளின் பாஸ்வேர்டு, எல்லாம். ஜனவரி பிறந்தால் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். "நம்ம வீட்ல திருட வர்றவன் ஒரு பைபிளோட வந்தா போதும்," என்று நெல்வின் கிண்டல் பண்ணுவான்.

போன வருஷம் நெல்வினுக்கு வந்தது 9114. பெயரோடு அதைச் சேர்த்துப் போட்டாள்.

தப்பு என்றது.

இன்னொரு தடவை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தப்பு.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றவேண்டுமென்றால் பழைய நம்பர் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் விரல் தானாக அடுத்ததற்குப் போனது. இந்தப் புத்தாண்டு ராத்திரி, தட்டு தன் முன்னால் வந்தபோது லில்லி தனக்கு ஒரு அட்டை எடுத்தாள். தட்டு நகர்வதற்குள் சட்டென்று இன்னொன்றையும் எடுத்து, பின்பக்கம் பேனாவால் 'நெல்வின்' என்று எழுதினாள். தேவானந்தம் ஆண்கள் பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெர்சிஸ் மட்டும் பார்த்தாள். அவன் போய் நாலு மாதம் கழித்து எடுத்த அட்டை அது. 4610.

போட்டாள்.

கதவு திறந்துகொண்டது.

மூச்சை விடுவதற்குள், டொக் என்று ஒரு சத்தம். அந்தச் சின்னப் பெட்டி.

இப்போது, போனை வைத்துவிட்டு, பெர்சிஸ் அதையேதான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 4610 தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று அவள். இன்னொன்று அம்மா. அம்மாவா அண்ணன் பெயரில் உள்ளே போகிறாள்? அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியுமா?

அம்மாவாக இருந்தால் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கேட்டுவிட்டால் தீர்ந்தது.

வயரை மோடத்தில் மறுபடி சொருகினாள். இந்தத் தடவை நெல்வின் பெயரில் போகவில்லை. தன் சொந்தப் பெயரில் போனாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அதைத் திறந்ததே இல்லை. நண்பர்கள் பட்டியல் மெல்ல மெல்ல விரிந்தது. மேலிருந்து கீழே எல்லாப் பெயரும் சாம்பல் நிறம்.

ஒன்றைத் தவிர.

நெல்வின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

'ammava?' என்று அடித்து அனுப்பினாள்.

பதில் இல்லை. 'yaaru idhu?' என்று அடித்தாள்.

பெட்டியின் அடியில் ஒரு சின்ன பென்சில் அசைந்தது. நெல்வின் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எழுத்து வந்தது.

பென்சில் நின்றது. அடித்ததை அழிக்கிறார்களா? மறுபடி அசைந்தது. வெகு நேரம் அசைந்தது. ஒரு வார்த்தை அடிக்க இவ்வளவு நேரமா? பெரிதாக எதையோ அடிக்கிறார்கள். பெர்சிஸ் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். நின்றது. அசைந்தது.

ஃபேன் கடக் என்று ஒரு சுற்று சுற்றி நின்றது. திரை கறுத்தது.

கரன்ட்.

கறுத்த திரையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. அதே நேரம் யாரோ கதவைப் படபடவென்று தட்ட, பெர்சிஸ் வாய்விட்டே அலறிவிட்டாள்.

"யா அல்லா! நான்தாம்மா!" பக்கத்து வீட்டு ஹலீமா பீ. "உங்க வூட்லயும் போச்சா, இல்ல எங்க ஃப்யூஸ்தானான்னு கேக்க வந்தேன். இன்னா, இப்டி வேர்த்து ஊத்துது? பேயப் பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி. தூங்கிட்டேன்."

"பகல்ல தூங்காத. மூஞ்சியெல்லாம் ஊதிப்போச்சி பாரு. வெள்ளிக்கெழம ரிசல்ட்டு பயமா? பேஜார் பண்ணிக்காத, எல்லாம் பாஸ்தான்."

ஹலீமா பீ போகும்போது, "கொஞ்ச நேரம் உக்காருங்க ஆன்ட்டி," என்று பெர்சிஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று அந்தம்மா போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பெர்சிஸ் தெருவாசல் படியிலேயே, வெயிலில், உள்ளே முதுகைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலே முக்காலுக்கு லில்லி வந்தாள்.

"இன்னாடி, வெயில்ல காயப்போட்ட மாதிரி உக்காந்திருக்க? கரன்ட் இல்லியா?"

"ம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும். திட்ட மாட்டியே?"

"எத உடைச்ச?"

"அண்ணன் மெசஞ்சர் பாஸ்வேர்டை நீ மாத்துனியா?"

லில்லி கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி முடிக்கவில்லை. அப்படியே மகளைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிடிபட்டவளின் முகமாகத்தான் இருந்தது.

"உள்ள வா," என்றாள். கதவைச் சாத்தினாள். "அப்பா கிட்ட சொல்லிட்டியா?"

"அப்போ நீதானா! ம்மா, உயிரே போயிடுச்சி எனக்கு!" பெர்சிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நீ எப்டிம்மா? உனக்கு எங்க கம்ப்யூட்டரு?"

"ட்யூட்டி ரூம்ல ஒண்ணு இருக்கு. கூட வேலை பாக்கற ஜஹீதா சொல்லிக்குடுத்தா. பிப்ரவரில ஒரு நாளு, சும்மா, அவன் பேரைப் போட்டு பாக்கலாம்னு..." லில்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். "உள்ள போயி ஒண்ணும் பண்ண மாட்டேன்டி. அவன் பேரு பக்கத்துல அந்த மஞ்ச மூஞ்சி சிரிக்கும்ல, அத அஞ்சி நிமிஷம் பாப்பேன். அப்புறம் மூடிட்டு வார்டுக்குப் போயிடுவேன். அது எரிஞ்சா, எங்கியோ ஒரு ரூம்ல லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கான்னு தோணும்."

பெர்சிஸ் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சேலையில் டெட்டால் வாசனை.

"இருந்தாலும் சொல்லிட்டு மாத்திருக்கலாம்லம்மா."

"எத?"

"பாஸ்வேர்ட."

லில்லி திரும்பினாள். "நான் எங்கடி மாத்துனேன்? நீதான மாத்துன?"

வீட்டில் ஃபேன் சத்தம்கூட இல்லை.

"பிப்ரவரில அன்னிக்கே பழைய நம்பரப் போட்டேன், தப்புன்னுது," லில்லி மெதுவாகச் சொன்னாள். "சரி போகட்டும்னு எழுந்திருக்கப் போனேன். இந்த வருஷத்து நம்பரப் போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சி. போட்டேன், திறந்துடுச்சி. நீதான் மாத்திருக்கன்னு நெனச்சேன். சின்னப் புள்ள, அண்ணனையும் இந்த வருஷத்துக்குக் கூட்டிட்டு வந்துருக்கா, இருக்கட்டும், கேட்டா அழுவான்னு விட்டுட்டேன்."

"நான் அதத் திறந்ததே இன்னிக்குதாம்மா."

லில்லி பாதியில் விட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு நீ எங்க இருந்த?"

"ஆபரேஷன் தியேட்டர்ல. காலையில எட்டு மணிக்கு உள்ள போனவ, மூணு மணிக்குத்தான் கையுறையையே கழட்டுனேன்."

பெர்சிஸ் நடந்ததை அம்மாவிடம் கொட்டினாள். பென்சில் அசைந்ததைச் சொன்னாள். நின்றதையும் மறுபடி அசைந்ததையும் சொன்னாள். லில்லி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கிற மாதிரி.

"அந்த அட்டை எங்கம்மா? உன் பர்ஸ்லதான இருக்கு? யாராவது எடுத்துப் பாத்திருப்பாங்களா?"

"பர்ஸ்ல இல்ல."

"பின்ன?"

"புது வருஷத்தன்னிக்கு காலையில பூ வைக்கப் போனேன்ல. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அவன் சிலுவைக்குக் கீழ கல்லுல செருகி வச்சிட்டு வந்தேன். அவனுக்கு எடுத்தது, அவன் கிட்டதான இருக்கணும்." லில்லி மகளின் கையை விட்டாள். "ஈஸ்டர் காலையில போனப்போ இல்ல. காத்துல போயிருக்கும்னு நெனச்சேன்."

அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கல்லறைக்கு வந்திருக்கிறார்கள். நெல்வின் பெயர் போட்ட சிலுவைக்கு முன்னால் குனிந்து, கவரைப் பிரித்து, அட்டையின் பின்பக்கம் லில்லியின் கையெழுத்தைப் படித்திருக்கிறார்கள். பிறகு எங்கேயோ போய் உட்கார்ந்து, பழைய 9114-ஐப் போட்டு, புது நம்பரை ஏற்றியிருக்கிறார்கள். வழிப்போக்கன் அட்டையை எடுத்திருந்தாலும் 9114 அவனுக்கு எப்படித் தெரியும்?

9114 தெரிந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் இந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐந்தரைக்குக் கரன்ட் வந்தது. லேப்டாப் ஏறுகிறவரை லில்லி அதன் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "போடுடி, நம்பரப் போடு. நான் கேக்கறேன். எங்கடா இருக்கன்னு நான் கேக்கறேன்."

பெர்சிஸ் நெல்வின் பெயரைப் போட்டு 4610 போட்டாள்.

தப்பு என்றது.

"மறுபடி போடு."

தப்பு.

"மாத்திட்டாங்கம்மா. நான் கேட்டதுக்கு அப்புறம் மாத்திட்டாங்க."

தன் பெயரில் போய்ப் பார்த்தாள். பட்டியலில் எல்லாம் சாம்பல் நிறம். மஞ்சள் முகம் இல்லை. லில்லி திரையில் அந்தப் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். "நீ ஏண்டி கேட்ட?" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி. "நான் ஒரு நாளாவது கேட்டேனா? சும்மாதான பாத்துக்கிட்டிருந்தேன்."

பெர்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு மெசஞ்சரை மூடினாள். லேப்டாப் ஏறும்போது அது தானாக ஏறாதபடி எடுத்துவிட்டாள்.

வாசலில் பைக் சத்தம்.

"பாப்பா!" சம்பத் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். "எங்க நம்ம பேஷன்ட்டு? உங்கப்பா வழியெல்லாம் ஒரே புலம்பல். பிரவுசர்ல எத்தினி டூல்பாரு? ஜாஸ்தியா ஏத்திருப்பியே, டவுன் பஸ்சு மாதிரி."

"எல்லாம் எடுத்துட்டேன் அண்ணா."

சம்பத் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தான். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. இன்னொன்று. அதுவும். திரும்பி தேவானந்தத்தைப் பார்த்தான். "இன்னா அண்ணா, கலாய்க்கிறியா? என் கடை மெஷினை விட நல்லா ஓடுது. இதுல நான் எத ஃபார்மேட் அடிக்கிறது?"

"காலையில சுத்திக்கிட்டே இருந்துச்சேப்பா."

"பாப்பாவ என் கடைக்கு அனுப்பு. சம்பளம் போட்டுக் குடுக்கறேன்." சம்பத் சிரித்தான். யாரும் சிரிக்காததைப் பார்த்து எழுந்துகொண்டான். லில்லி டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. "சரிண்ணா, நான் அப்டியே நடந்தே போயிடறேன்."

கதவு சாத்தியதும் தேவானந்தம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இன்னா ஆச்சி? சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க?"

லில்லிதான் சொன்னாள். அட்டை, கல்லறை, 4610, பென்சில், எல்லாம். ஒன்றையும் கூட்டவில்லை, நர்ஸ் டாக்டரிடம் கேஸ் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

"எவனாவது பொறுக்கி பண்ணிருப்பான்," என்றார் தேவானந்தம். குரல் பெரிதாக வந்தது. "கூடப் படிச்சவன் எவனாவது. செத்தவன் பேர்ல வெளயாடறானுங்க. நாளைக்கே ஸ்டேஷன்ல..."

"பழைய நம்பரு அவனுக்கு எப்டிப்பா தெரியும்?"

"நீ சும்மா இரு!"

"ஏங்க." லில்லி அவர் முன்னால் வந்து நின்றாள். ஒன்பது மாதமாகக் கேட்காததை இப்போது கேட்டாள். "அன்னிக்கு நீங்க அவன் உடம்பைப் பாத்தீங்களா?"

"பாக்காமதான் கையெழுத்து போட்டேனா?"

"எதப் பாத்தீங்க? முதுகுல மச்சம் பாத்தீங்களா? சின்ன வயசுல அண்டால விழுந்து சுட்டுக்கிட்டானே, அந்தத் தழும்பு பாத்தீங்களா?"

தேவானந்தம் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டையில் தோல் பசை வாசனை அடித்தது.

"போலீஸ்காரரு துணியத் தூக்கப் போனாரு," என்றார். "வேணாம் சார்னேன். என்னால முடியல லில்லி. நான் அறைஞ்ச கன்னம் அது. கால் மட்டும் வெளிய தெரிஞ்சுது. ஷூ. போதும் சார், என் புள்ளதான்னு சொல்லிட்டேன்."

"ஷூவா?"

"நான் தைச்ச ஷூ லில்லி. எனக்குத் தெரியாதா? ஜெர்மன்காரனுக்குன்னு பண்ண சாம்பிளு. அவன் வேணாம்னு தள்ளிட்டான். ஆர்டரே வரல. நாக்குக்கு உள்ள என் தையல் இருக்கு. ஒலகத்துக்கே ஒரே ஜோடி. அதத்தான் நான் நம்ம புள்ளைக்குப் போட்டுக்கக் குடுத்தேன். அந்த ஞாயித்துக்கெழம அதான் போட்டிருந்தான்." முப்பது வருஷமாகக் காலையே பார்த்துப் பழகிய மனிதர். கைகளை விரித்துக் காட்டினார், அந்த ஷூ இன்னும் அதில் இருப்பது மாதிரி. "வேற யாருகிட்ட இருக்கும் அது?"

"ஒன்பது நாளு," என்றாள் லில்லி. அவள் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "கையில காசில்லாம போனவன். அதக் கழட்டி வித்திருந்தா? யாருக்காவது குடுத்திருந்தா?"

தேவானந்தம் அவளையே பார்த்தார். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவருக்கு அது தோன்றவில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. ஷூவைக் காலிலிருந்து கழற்ற முடியும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

லில்லி சட்டென்று அழ ஆரம்பித்தாள். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது, பெர்சிஸுக்குத் தெரிந்தது. 'உயிரோட இருக்கான், உயிரோட இருக்கான்' என்று அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பெர்சிஸுக்கும் அந்தச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூடிய பெட்டிதான் கண் முன்னால் வந்தது. அதன்மேல் தலையை வைத்து அவள் அழுதிருக்கிறாள். அம்மா முத்தம் கொடுத்திருக்கிறாள். எங்கேயோ ஒரு வீட்டில் வேறு ஒரு அம்மா, போன ஆகஸ்டிலிருந்து, கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பா," என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. "அப்போ அந்த ஷூவோட நம்ம அண்ணன் பேருக்குக் கீழ படுத்திருக்கிறது யாருப்பா?"